கருகிய மலையும் மலிவு மாத்திரையும்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டே பொருள்களைப் பற்றியவை. மலையோர ஊர்களிலிருந்து எழுதியவர்கள், கோடைத் தீக்குப் பிறகு காடு எப்படி மீள்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். நகரத்து வாசகர்களில் பலர், பொதுப்பெயரில் விற்கும் ஜெனரிக் மருந்துகளை நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். தொடர்பற்றவைபோலத் தோன்றினாலும், முன்பு இருந்ததும் இப்போது இருப்பதும் ஒன்றுதானா என்பதே இரு சாராரின் ஐயமும். ஆகவே இரண்டையும் இந்த இதழிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊருக்கு மேற்கேயுள்ள மலைச்சரிவு மார்ச் மாதத்தில் சில நாட்கள் தொடர்ந்து எரிந்தது. ஆடி மாதத்தில் பார்த்தபோது எங்கும் பச்சை. காடு பிழைத்துக்கொண்டது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையிலேயே மீண்டுவிட்டதா? பழைய நிலைக்கு வர எத்தனை ஆண்டுகள் ஆகும்?
– பெரியகுளம் வட்டார வாசகர்

பதில்: எது எரிந்தது, எது துளிர்த்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. உங்கள் மாவட்டத்து மலைகளில் ஒரே சரிவில் ஏறும்போதே புல்வெளி, இலையுதிர் காடு, பள்ளத்தாக்குகளில் ஒதுங்கி நிற்கும் சோலை ஆகிய மூன்றையும் கடந்துவிடலாம். மூன்றும் தீயை எதிர்கொள்ளும் விதம் முற்றிலும் வேறு.

புல்லில் பற்றும் தீ உயரமாக எழும், வேகமாக ஓடும், ஆனால் ஓரிடத்தில் நின்று எரிவதில்லை. மேல்மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே வெப்பம் பெரிதாக இறங்குவதில்லை என்பதால், தூரின் அடியில் இருக்கும் மொட்டுகள் உயிரோடு தப்பிவிடுகின்றன. முதல் மழை விழுந்த சில வாரங்களில் சரிவு முழுவதும் பச்சையாகிவிடுகிறது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பலரைப் பலிகொண்ட தீயும் காய்ந்த புல்லில் காற்றோடு ஓடிய தீதான். நீங்கள் ஆடியில் பார்த்த பச்சை பெரும்பாலும் இந்தப் புல்லாகத்தான் இருக்க வேண்டும். அங்கே முன்பும் புல்வெளியே இருந்தது என்றால், ஆம், அது மீண்டுவிட்டது. முன்பு மரங்கள் நின்ற இடத்தில் இப்போது புல் மட்டும் நிற்கிறது என்றால், மீட்சி இன்னும் தொடங்கவே இல்லை என்று பொருள். அடுத்த கோடைக்கான எரிபொருள் அங்கே வளர்ந்துகொண்டிருக்கிறது.

இலையுதிர் காட்டின் கதை இன்னும் நுணுக்கமானது. இதைப் பற்றி நமக்கு நன்றாகத் தெரிந்திருப்பதற்கு முதுமலைதான் காரணம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமார் குழுவினர் 1988-இல் அங்கே 50 ஹெக்டேர் பரப்பை நிரந்தர ஆய்வுத் திடலாக அளந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிப்புள்ள மரத்தண்டு ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டார்கள். தொடக்கத்தில் ஏறத்தாழ 26,000 தண்டுகள், 71 இனங்கள். அன்று முதல் எது செத்தது, எது புதிதாக வந்தது என்று கணக்கெடுத்து வருகிறார்கள். தீ பரவிய ஆண்டுகளில் இழப்பு பெரும்பாலும் மெல்லிய தண்டுகளில்தான் விழுந்தது. வெண்தேக்கு, கரிமருது, வெக்காலி, தேக்கு போன்றவற்றின் வளர்ந்த மரங்கள் தடித்த பட்டையின் துணையால் தரைத்தீயைத் தாங்கிவிட்டன. இளங்கன்றுகள்கூட முற்றாகச் சாவதில்லை. மேல்தண்டு கருகினாலும் வேர்ப்பகுதி சேமித்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டு மறுபடி தழைக்கிறது.

ஆனால் இந்தச் சேமிப்பு வற்றாத ஊற்று அல்ல. ஆண்டுதோறும் எரிந்தால் கன்று ஒவ்வொரு முறையும் தரைமட்டத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது; தீ எட்டாத உயரத்துக்கும் பட்டை தடிக்கும் பருவத்துக்கும் அது வந்து சேர்வதே இல்லை. மேலே கிழட்டு மரங்கள் நிற்கும், கீழே புல் இருக்கும், நடுவில் அடுத்த தலைமுறை மட்டும் இருக்காது. சாலையிலிருந்து பார்ப்பவருக்கு அது நல்ல காடாகவே தெரியும். ஆகையால் ஒரு முறை தீப்பிடித்ததா என்பதைவிட, இரண்டு தீக்கு நடுவே எத்தனை ஆண்டுகள் கிடைத்தன என்பதே இலையுதிர் காட்டில் முதன்மையான கேள்வி.

சோலைக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அதன் மரங்கள் பெரும்பாலும் மெல்லிய பட்டை கொண்டவை. நிழலும் ஈரமும் இருந்தால்தான் அவற்றின் விதை முளைக்கும். பல இனங்களின் விதைகள் மண்ணில் நீண்ட காலம் உறங்கிக் கிடப்பதுமில்லை. வழக்கமாக, உள்ளே இருக்கும் ஈரமே தீயை விளிம்பில் நிறுத்திவிடும். கடும் வறட்சியில் அந்த விளிம்பு எரிந்துபோனால் ஒளியும் காற்றும் உள்ளே புகுந்து அடுத்த அடுக்கை உலர்த்துகின்றன. உயர்ந்த மலைகளில் உறைபனியும் திறந்த வெளிக்கு வந்த கன்றுகளைக் கொல்கிறது. சோலை இப்படித்தான் அங்குலம் அங்குலமாகப் பின்வாங்குகிறது. புல்வெளியில் தனித்து நிற்கும் காட்டுப் பூவரசு மட்டும் இதற்கு விதிவிலக்கு. தீ பட்ட பின்பும் அது துளிர்த்து நிற்பதைக் காணலாம்.

இன்னொரு எச்சரிக்கை. கொடைக்கானல் பக்கம் எரிந்த சரிவுகளில் கன்றுகள் பயிர்போல நெருக்கமாக முளைத்திருந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த வாட்டில் மரத்தின் விதைக்கு மேலோடு மிகக் கடினம். அது பல்லாண்டுகள் மண்ணில் கிடந்து, தீயின் வெப்பத்தில் ஓடு விரிசல் கண்டதும் ஒட்டுமொத்தமாக முளைக்கிறது.

இனி, ஆண்டுக் கணக்கு. லத்தீன் அமெரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் 77 இடங்களில், உழவும் மேய்ச்சலும் கைவிடப்பட்ட நிலங்களில் தானாக வளர்ந்த வெப்பமண்டலக் காடுகளை ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று 2021-இல் வெளிவந்தது. மண்ணின் வளம் பத்து ஆண்டுகளுக்குள் பழைய நிலையை நெருங்குகிறது. காட்டின் கட்டமைப்பும் இனங்களின் எண்ணிக்கையும் 25 முதல் 60 ஆண்டுகளில். மரங்களின் மொத்த எடையும், எந்தெந்த இனங்கள் எந்த விகிதத்தில் இருந்தன என்பதும் திரும்ப 120 ஆண்டுகளுக்கு மேல். இருபதாவது ஆண்டில் இந்த அளவுகோல்களைச் சராசரியாகப் பார்த்தால், முதிர்ந்த காட்டின் 78 சதவீத நிலை எட்டப்பட்டிருந்தது. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் கணக்கு அல்ல, தீயின் கணக்கும் அல்ல என்றாலும், ‘எத்தனை ஆண்டு?’ என்ற கேள்விக்கு ஏன் ஒற்றை எண்ணைத் தர முடியாது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பத்தும் சரி, நூற்றிருபதும் சரி.

வரும் கோடையில் போக வாய்த்தால், வனத்துறையின் அனுமதியோடு, இரண்டைப் பாருங்கள். கருகிய அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்கள் வந்திருந்தால் அது பழைய மரத்தின் தொடர்ச்சி. விதையிலிருந்து வந்த ஒற்றைத்தண்டுக் கன்றுகளும் அவற்றின் நடுவே இருந்தால், உங்கள் ஊரார் சொன்னதை ஓரளவு நம்பலாம்.

கேள்வி: தீப்பிடித்த இடத்தில் உண்ணிச்செடி (லண்டானா) முன்னைவிட அடர்த்தியாக மண்டிவிட்டது. இதையும் தீயிட்டே அழிக்கலாமா? எங்கள் பகுதிப் பெரியவர்கள், முன்பெல்லாம் காட்டுக்குத் தீ வைப்பது வழக்கம், அப்போது இந்தச் செடி இவ்வளவு இல்லை என்கிறார்கள்.
– கூடலூர் வாசகி

பதில்: உங்கள் பெரியவர்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோளிகப் பழங்குடியினரும் இதையே சொல்கிறார்கள். பனிக்காலம் முடிந்தவுடன், சருகு மட்டும் மெதுவாக எரியும்படி அவர்கள் ஆண்டுதோறும் சிறு தீ வைத்துவந்தார்கள். 1974-இல் அந்த மலை சரணாலயமானதைத் தொடர்ந்து அந்த வழக்கம் தடைப்பட்டது; உண்ணிச்செடி தலையெடுத்ததற்கு அந்தத் தடையும் ஒரு காரணம் என்பது அவர்கள் கருத்து. அதை ஆராய்ந்த சூழலியலாளர்களும் இந்தக் கருத்தை ஒதுக்கித் தள்ளவில்லை. செடி இளங்கன்றாக இருக்கும்போது, ஈரம் முழுதும் வற்றாத பருவத்தில் வைக்கப்படும் மெல்லிய தீ அதைக் கட்டுப்படுத்தக்கூடும்.

ஆனால் இன்று உங்கள் காட்டில் இருப்பது கன்றல்ல, ஆளுயரப் புதர். மார்ச்சில் அதற்குத் தீ வைத்தால் காய்ந்த தண்டுகள் ஏணிபோல நின்று, தரைத்தீயை மரக்கிளைக்கு ஏற்றிவிடும். பெரிய மரங்கள் கருகும். உண்ணியோ மழை வந்ததும் அடிக்கட்டையிலிருந்து இன்னும் அடர்த்தியாகத் தழைக்கும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பற்றிய பெருந்தீயிலும் மண்டிக் கிடந்த உண்ணிப் புதர்கள் நல்ல எரிபொருளாயின. தவிரவும், காட்டுக்குத் தீ வைப்பது சட்டப்படி குற்றம். அதனால் அந்த வழியை விட்டுவிடுங்கள்.

வெட்டி எறிவதும் வீண். வெட்டிய இடத்தில் நான்கு தண்டுகள் கிளம்பும். டெல்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூழலியலாளர்கள் வகுத்த முறை எளிமையானது: தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதிக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் முதன்மை வேரை வெட்டி, செடியைப் புரட்டித் தலைகீழாகக் கிடத்த வேண்டும். காய் பழுப்பதற்கு முன் இதைச் செய்துவிட்டு, மழைக்கு முன்பே அந்த இடத்தில் நாட்டுப் புல் விதைகளைத் தூவ வேண்டும். வெற்றிடம் விட்டால் பறவைகள் மறுபடி உண்ணி விதையைக் கொண்டுவந்து சேர்க்கும். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் தோற்பது முதலாண்டு வெட்டுக்கூலிக்குப் பணம் ஒதுக்கி, மூன்றாமாண்டுக் களையெடுப்புக்கு ஒதுக்காததால்தான் என்பது என் எண்ணம். எடுத்த தண்டுகள் வீணாவதில்லை. அவற்றைக் கொண்டு உங்கள் ஊர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் செய்யும் முழு உருவ யானைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

முதுமலையில் பரவியிருக்கும் மஞ்சள்கொன்றை என்ற அயல்நாட்டு மரத்துக்கும் வெட்டுக்கட்டையிலிருந்து தழைக்கும் இதே குணம் உண்டு. அதன் மரத்தைத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை கூழுக்கு எடுத்துக்கொள்வதால் அகற்றும் செலவு ஓரளவு ஈடாகிறது. வேர் போகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பயன்.

கேள்வி: எரிந்த அல்லது அழிக்கப்பட்ட காட்டைத் தானாக வளர விடுவது நல்லதா, நாம் மரக்கன்று நடுவது நல்லதா?
– கோயம்புத்தூர் கல்லூரி மாணவர்

பதில்: வேர்கள் உயிரோடு இருந்து, அருகிலேயே முதிர்ந்த காடும் இருந்தால், ஆடுமாடும் தீயும் வராமல் காத்துவிட்டு ஒதுங்கி நிற்பதே நல்லது. அவை இல்லாத இடத்தில் நடவு தேவைப்படும். வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக எஞ்சிய மழைக்காடுகளில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த திவ்யா முடப்பா, டி. ஆர். சங்கர் ராமன் குழுவினர் 2000-களின் தொடக்கத்திலிருந்து இதைச் செய்துவருகிறார்கள். அந்த மண்ணுக்குரிய நூற்றுக்கு மேற்பட்ட இனங்களை நாற்றங்காலில் வளர்த்து, களை நீக்கி நட்டார்கள். நட்டு 7 முதல் 15 ஆண்டுகள் ஆன இடங்களை, சும்மா விடப்பட்ட இடங்களோடு ஒப்பிட்டபோது, மரச்செறிவு, இனவளம், சேமிக்கப்பட்ட கார்பன் ஆகிய எல்லாவற்றிலும் நட்ட இடங்கள் முந்தியிருந்தன. பெரிய விதைகளை விழுங்கிப் பரப்பும் இருவாச்சிப் பறவை வந்து போகாத தனித்த துண்டுகளில் மனிதக் கை இல்லாமல் அந்த மரங்கள் வர வழியில்லை.

மலைப் புல்வெளியில் மட்டும் எதையும் நட்டுவிடாதீர்கள். அது மரம் இழந்த காடு அல்ல, தொன்றுதொட்டே புல்வெளி.

கேள்வி: இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறேன். மத்திய அரசுத் திட்டமான மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கிறது. ‘ஒரிஜினல் ஒரிஜினல்தான்’ என்று பழைய கடைக்காரர் சொல்கிறார். நான் மாறலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: உங்கள் கடைக்காரர் ‘ஒரிஜினல்’ என்று விற்பதும் பெரும்பாலும் ஜெனரிக் மருந்துதான். புதிய மருந்தைக் கண்டுபிடித்த நிறுவனம் காப்புரிமைக் காலத்தில் விற்பதுதான் உண்மையான மூலமருந்து; அதே மருந்தைப் பிற நிறுவனங்கள் செய்து விற்பது ஜெனரிக். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல் தயாரிப்பு முறைக்கு மட்டும் தந்தது. 2005 வரை அந்த நிலை நீடித்தது. அதனால் இந்திய நிறுவனங்கள் பலவும் ஒரே மருந்தை ஆளுக்கொரு பெயர் சூட்டி விற்கப் பழகின. மெட்ஃபார்மின், அம்லோடிபின், அடோர்வாஸ்டாடின் போன்ற அன்றாட மருந்துகளின் காப்புரிமை என்றோ முடிந்துவிட்டது. இன்று கடையில் பிரபலமான பெயரில் இருப்பது பெயர் சூட்டிய ஜெனரிக். மக்கள் மருந்தகத்தில் இருப்பது பெயர் சூட்டாத ஜெனரிக். விலை வேறுபாட்டில் பெரும்பங்கு அந்தப் பெயரை மருத்துவரிடமும் கடையிலும் நிலைநிறுத்த ஆகும் செலவு.

ஆனால் பெயரைத் தாண்டி ஓர் உண்மையான கேள்வி இருக்கிறது. மாத்திரையில் மருந்து சரியான அளவில் இருக்கிறதா என்பது ஒன்று. அது வயிற்றில் கரைந்து இரத்தத்தில் சேரும் அளவும் வேகமும் சமமா என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சோதிப்பதற்கு பயோ-ஈக்விவலன்ஸ் சோதனை என்று பெயர். உடல்நலமுள்ள தன்னார்வலர் சிலருக்கு ஒரு முறை மூலமருந்தையும், இடைவெளி விட்டு மறுமுறை ஜெனரிக்கையும் கொடுத்து, மணிக்கணக்கில் இரத்தம் எடுத்து அளப்பார்கள். இரத்தத்தில் மருந்து எட்டிய உச்ச அளவு, மொத்தமாகச் சேர்ந்த அளவு ஆகிய இரண்டின் விகிதமும் 80 முதல் 125 சதவீத எல்லைக்குள் இருக்க வேண்டும். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, ஜெனரிக்கில் 20 சதவீதம் மருந்து குறைவாக இருக்கலாம் என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியல்ல. மாத்திரையில் இருக்க வேண்டிய அளவை, மருந்துகளின் தரத்தை வகுக்கும் மருந்தியல் தொகுப்பு நூல் தனியாக வரையறுக்கிறது. பாராசிட்டமால் மாத்திரைக்கு அது 95 முதல் 105 சதவீதம். 80–125 என்பது சராசரிக்கு உரிய எல்லையும் அல்ல. ஆளுக்கு ஆள் வரும் மாறுபாட்டைக் கணக்கில் கொண்டு, சராசரியைச் சுற்றிப் போடப்படும் நம்பக இடைவெளி (உண்மையான சராசரி இருக்கக்கூடிய வீச்சு) முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே சராசரி 100-ஐ ஒட்டி இருந்தால்தான் தேறும். அமெரிக்காவில் 1996 முதல் 2007 வரை ஏற்கப்பட்ட ஜெனரிக்குகளுக்கான 2,070 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மொத்தமாகச் சேரும் அளவில் சராசரி வேறுபாடு சுமார் மூன்றரை சதவீதம்தான்.

இந்தியாவில் இந்தச் சோதனை எல்லா மருந்துக்கும் எப்போதும் கட்டாயமாக இருந்ததில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஒரு மருந்து நாட்டில் அறிமுகமாகி நான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டால், மாநில அரசின் உரிமத்தோடு அது இல்லாமலேயே தயாரிக்க முடிந்தது. 2017 ஏப்ரலில்தான், நீரில் எளிதில் கரையாத மருந்து வகைகளுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன் உரிமம் பெற்றவை சந்தையில் இருக்கின்றன. அவற்றில் புகழ்பெற்ற பெயர்களும் உண்டு, பெயரில்லாதவையும் உண்டு. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் ‘தரம் குறைந்தவை’ பட்டியலிலும் இரு வகையும் இடம்பெறுகின்றன. பெரிய பெயர் என்பது தரத்துக்கு உத்தரவாதம் அல்ல. அட்டையின் பின்புறம் பார்த்தால், தயாரித்தது இமாச்சலப் பிரதேசத்தின் பத்தி (Baddi) என்ற ஊரில் உள்ள ஓர் ஆலை, விற்பவர் மட்டும் வேறு என்று சிறிய எழுத்தில் அடிக்கடி இருக்கும்.

பெயரில்லா மருந்தை மொத்தமாக வாங்கி மக்களுக்குக் கொடுப்பதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளைப் பொதுப்பெயரிலேயே ஒப்பந்தப்புள்ளி மூலம் வாங்கி, ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் (batch) மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்த பிறகே விநியோகிக்கிறது. பிற மாநிலங்கள் இந்த அமைப்பைப் பார்த்துத் தங்கள் கழகங்களை உருவாக்கின. ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்ட அந்த அட்டைகளால் சர்க்கரையையும் அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் நம் மாநிலத்தில் இலட்சக்கணக்கானோர். மக்கள் மருந்தகத்தின் கொள்முதலிலும் தொகுதிவாரிச் சோதனை உண்டு. 2025 பிப்ரவரியில் மாநில அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் இத்தகைய மருந்துகள் கிடைக்கின்றன.

ஆகவே நீங்கள் மாறலாம் என்பதே என் விடை. ஆனால் கடையில் பெயரை மட்டும் ஒப்பிட்டு வாங்கிவிடாதீர்கள். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர். என்ற எழுத்துகள் மருந்து மெதுவாக வெளிப்படும் என்பதைக் குறிக்கும். அவை இருந்தால் புதிய அட்டையிலும் இருக்க வேண்டும். மெட்டோபுரோலால் சக்சினேட்டும் மெட்டோபுரோலால் டார்ட்ரேட்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. முதலாவது பொதுவாக நாளுக்கு ஒரு முறை, இரண்டாவது பெரும்பாலும் இரண்டு முறை. அம்லோடிபினில் இன்னொரு பொறி இருக்கிறது: எஸ்-அம்லோடிபின் 2.5 மில்லிகிராம் என்பது சாதாரண அம்லோடிபின் 5 மில்லிகிராமுக்குச் சமம். ‘2.5’ என்ற எண்ணை மட்டும் பார்த்து மாற்றினால் பாதி மருந்துதான் உள்ளே போகும். பிறகு அழுத்தம் ஏறியதற்கு ஜெனரிக்கின்மேல் பழி விழும். மாறிய முதல் மாதம் வீட்டில் அழுத்தத்தையும் சர்க்கரையையும் வழக்கத்தைவிட அடிக்கடி அளந்து குறித்து வையுங்கள். மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

கேள்வி: தைராய்டு மாத்திரையை வேறு நிறுவனத்துக்கு மாற்றிய பிறகு எனக்குச் சோர்வும் படபடப்பும் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் மனப்பிரமை என்கிறார்கள். மனப்பிரமைதானா?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பார்க்காமல் தள்ளிவிடுவதற்கு உங்கள் வீட்டாருக்கும் காரணம் இல்லை, எனக்கும் இல்லை.

முதலில், மனப்பிரமை இல்லை என்பதற்கான சான்று. 1968-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், வலிப்புக்காக ஃபெனிட்டாயின் எடுத்துவந்த பலருக்குத் திடீரென மருந்து மிகையான நச்சு அறிகுறிகள் தோன்றின. மருந்தின் அளவு மாறவில்லை. கூட்டில் நிரப்புப் பொருளாக இருந்த கால்சியம் சல்பேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் சேர்த்திருந்தார்கள். அந்த மாற்றத்தால் மருந்து இரத்தத்தில் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது. நிரப்புப் பொருள் வெறும் நிரப்புப் பொருள் அல்ல என்பதை மருந்தியல் கற்றுக்கொண்ட சம்பவங்களில் இது ஒன்று. பயன் தரும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடைவெளி குறுகலாக உள்ள சில மருந்துகள் இருக்கின்றன: ஃபெனிட்டாயின், கார்பமஸிபின், வார்ஃபரின், டிஜாக்சின், லித்தியம், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸ், உங்கள் லெவோதைராக்சின். இவற்றைப் பொறுத்தவரை எந்த நிறுவனத்தது என்பதைவிட, ஒரே நிறுவனத்ததில் நிலைத்திருப்பது முக்கியம். மலிவானதையே தேர்ந்தெடுங்கள், தவறில்லை. மாதத்துக்கு ஒன்றாக மாற்றாதீர்கள்.

மறுபக்கச் சான்று நியூசிலாந்திலிருந்து, அதுவும் இதே தைராய்டு மாத்திரையைப் பற்றியது. 2007-இல் அங்கே அதன் தயாரிப்பு இடமும் நிரப்புப் பொருள்களும் நிறமும் மாறின. மருந்தின் அளவு மாறவில்லை என்று சோதனைகள் உறுதிசெய்தன. முந்தைய 30 ஆண்டுகளில் 14 பக்கவிளைவுப் புகார்களே பதிவான மருந்துக்கு, அடுத்த ஒன்றரை ஆண்டில் 1,400-க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. செய்தி ஊடகங்கள் இதைப் பேசப் பேசப் புகார்கள் கூடின. புகார் செய்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பட்ட சோர்வு மெய்யான சோர்வு. தீங்கு வரும் என்ற எதிர்பார்ப்பே உடலில் அறிகுறிகளை உண்டாக்குவது மருத்துவம் நன்கறிந்த ஒன்று.

இரண்டில் உங்களுடையது எது என்பதை ஓர் எளிய இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். மாற்றிய நாளிலிருந்து 6 முதல் 8 வாரங்கள் கழித்து, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். அளவைப் பாருங்கள், அதற்கு முன் பார்த்தால் உடல் புதிய அளவுக்கு நிலைபெற்றிருக்காது. படபடப்பு கடுமையாக இருந்தால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இதற்கிடையில் மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு என்பது விதி. தஞ்சாவூரில் காலைக் காபியைத் தள்ளிப் போடச் சொல்வது கொடுமைதான், ஆனால் காபியும் இந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அறிகுறிகள் நீடித்தால், இந்திய மருந்தியல் தொகுப்பு ஆணையத்தின் பக்கவிளைவுக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கலாம்.

கேள்வி: மருத்துவர் எழுதிய மருந்து இல்லை என்று, ‘இதுவும் அதேதான்’ எனக் கடையில் வேறொன்றைக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டா?
– சேலம் வாசகர்

பதில்: இல்லை. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65-ஆம் விதி, அட்டவணை எச், எக்ஸ் ஆகியவற்றில் அடங்கும் மருந்துகளுக்கு (மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை) மருந்துச்சீட்டில் எழுதியதற்கு மாற்றாக, அதே மூலப்பொருள் கொண்டதாக இருந்தாலும், வேறொன்றைத் தருவதைத் தடைசெய்கிறது. சீட்டில் பொதுப்பெயரையே எழுதியிருந்தால் இந்தச் சிக்கல் எழாது. அப்போது எந்த நிறுவனத்தது வேண்டும் என்று நீங்கள் கேட்டு வாங்கலாம். பொதுப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016-இலேயே மருத்துவக் கவுன்சில் விதி திருத்தப்பட்டது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதைக் கண்டிப்பாக்கியபோது, தரத்துக்கு யார் பொறுப்பு என்று மருத்துவர்கள் எதிர்த்தார்கள்; அந்த மாதமே புதிய விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. மருத்துவர்களின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. பொதுப்பெயரில் எழுதினால், எந்த நிறுவனத்ததைத் தருவது என்ற முடிவு மருத்துவரிடமிருந்து கடைக்காரரிடம் போய்விடுகிறது. கடைக்காரர் தனக்கு இலாபம் கூடுதலாக உள்ளதைத் தரக்கூடும். கடைகளுக்கென்றே நேரடியாக விற்கப்படும் சில ஜெனரிக்குகளில், கடைக்காரர் கொடுத்த விலையைப்போலப் பல மடங்கு அட்டையில் அச்சாகியிருக்கும். அங்கே மலிவின் பயன் உங்களை வந்து சேர்வதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது: மருந்தின் பொதுப்பெயர், அளவு, மெதுவாக வெளிப்படும் வகையா என்ற விவரம் ஆகியவற்றையும் சீட்டில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் ‘பார்மா சஹி தாம்’ செயலியில் அதே மருந்தின் பல விலைகளையும் ஒப்பிடலாம். தொகுதி எண் குறித்த பில்லைக் கேட்டு வாங்கி வையுங்கள். தரத்தில் ஐயம் வந்து மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்க நேர்ந்தால், அவர் முதலில் கேட்பது அந்தப் பில்லையும் மாத்திரை மீதமுள்ள அட்டையையும்தான்.